1977-க்குள் வந்திருக்க வேண்டும்: ஜப்பானின் கட்டாயக் கருத்தடையும் 20 ஆண்டுக் கணக்கும்

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்கலாம். 1957-இல் ஜப்பானின் மியாகி மாகாணத்தில், சிறுவர் விடுதி ஒன்றில் இருந்த 14 வயதுப் பையனுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். எதற்கு என்று அவனிடம் சொல்லவில்லை. ஜப்பானியச் சிவில் சட்டப்படி, ஒருவர் தனக்கு நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு கேட்க அதிகபட்ச அவகாசம், தீங்கு நடந்த நாளிலிருந்து 20 ஆண்டு. அப்படியானால் அவர் 1977-க்குள் நீதிமன்றப் படியேறியிருக்க வேண்டும். சரி, அந்த ஆபரேஷனுக்கு வழிவிட்ட சட்டம் எப்போது நீக்கப்பட்டது? 1996-இல். சட்டம் நடப்பில் இருக்கிறது, எல்லாம் முறைப்படிதான் நடக்கிறது என்று அரசும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சட்டத்தை எதிர்த்து நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டும் 19 ஆண்டுகளுக்கு முன்பே காலாவதியாகிவிட்டது.

அதே மாகாணத்தில் 1972-இல், 15 வயதில் கருத்தடை செய்யப்பட்ட ஒரு பெண்ணுக்கு இந்தக் கணக்கு 1992-இல் முடிகிறது. சட்டம் ஒழிவதற்கு நான்கு ஆண்டு முன்பு.

2018 முதல் 2024 வரை ஜப்பான் அரசின் வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களில் கையில் பிடித்திருந்த முக்கியமான ஆயுதம் இந்தக் கணக்குதான். நடந்தது நடக்கவில்லை என்று அவர்கள் வாதாடவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்றுதான் வாதாடினார்கள்.

சட்டத்தின் பெயர் யூசெய் ஹோகோ ஹோ. தமிழில் இனமேம்பாட்டுப் பாதுகாப்புச் சட்டம் என்று சொல்லலாம். 1948-இல் எம்.பி.க்கள் தாங்களே கொண்டுவந்த மசோதா அது. எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. தாயின் உயிரையும் நலனையும் காப்பது ஒரு நோக்கம், 'தாழ்ந்த சந்ததி' பிறக்காமல் தடுப்பது இன்னொரு நோக்கம் என்று முதல் பிரிவிலேயே எழுதி வைத்திருந்தார்கள். நாஜிச் சட்டத்தைப் பார்த்து 1940-இல் ஜப்பான் ஒரு சட்டம் இயற்றியிருந்தது உண்மை. ஆனால் அதிலிருந்த கட்டாயப் பிரிவு நடைமுறைக்கே வரவில்லை. கட்டாயம் நடைமுறைக்கு வந்தது போருக்குப் பிறகு, மனித உரிமைகளைக் கொட்டை எழுத்தில் எழுதிய புதிய அரசியல் சாசனம் அமலுக்கு வந்த மறு ஆண்டில். ராணுவ ஆட்சிக் காலத்தின் மிச்சம் என்று இதை ஒதுக்கிவிட முடியாமல் போவது இதனால்தான். ஜனநாயகம் கையெழுத்துப் போட்ட சட்டம் இது.

நடைமுறை இப்படி இருந்தது: மனநோய், அறிவுத்திறன் குறைபாடு, பரம்பரை நோய் என்று ஒரு மருத்துவர் விண்ணப்பம் எழுதுவார். மாகாணத்தில் ஒரு குழு அதைப் பரிசீலிக்கும். குழு சரி என்றால், சம்பந்தப்பட்டவர் வேண்டாம் என்று மறுத்தாலும் ஆபரேஷன் நடக்கும். எப்படி நடத்துவது? அதற்கும் 1953-இல் சுகாதார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. தேவைப்பட்டால் உடலைக் கட்டுப்படுத்தலாம், மயக்க மருந்து கொடுக்கலாம், ஏமாற்றியும் செய்யலாம். ஏமாற்றலாம் என்று ஓர் அரசு அலுவலகம் இன்னோர் அரசு அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்பிய இந்தத் தாள் பின்னாளில் வழக்குகளில் எவ்வளவு கனத்தது என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

மொத்தம் சுமார் 25,000 பேருக்குக் கருத்தடை நடந்தது. அதில் ஏறக்குறைய 16,500 பேர் சம்மதமே கேட்கப்படாதவர்கள். இதே சட்டத்தின்படி செய்யப்பட்ட கருக்கலைப்புகளையும் சேர்த்தால் பாதிக்கப்பட்டவர் எண்ணிக்கை 84,000 வரை போகும். 2023-இல் ஜப்பான் நாடாளுமன்றம் வெளியிட்ட ஆய்வறிக்கை, மிக இளையவர்களின் வயதைச் சொன்னது: ஒன்பது. ஒரு சிறுவன், ஒரு சிறுமி. கட்டாய ஆபரேஷன்கள் மிக அதிகம் நடந்த இடம் ஹொக்கைடோ. அந்த மாகாண நிர்வாகம், எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதை முன்னிட்டு 1956-இல் ஒரு சிறு புத்தகமே அச்சிட்டது. சாலையோ பள்ளிக்கூடமோ கட்டி முடித்தால் மலர் போடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி.

இப்போது அந்த 14 வயதுப் பையனிடம் திரும்புவோம். தனக்கு என்ன செய்தார்கள் என்பது விடுதியில் மூத்த பையன் ஒருவன் சொல்லித்தான் அவருக்குத் தெரியவந்தது. பெற்றோர்தான் சொல்லிச் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். அந்தக் கசப்போடே வளர்ந்தார். பிறகு கல்யாணம் ஆனது. குழந்தை இல்லை. மனைவி அதற்காக ஏங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே, காரணத்தைச் சொல்லாமல் சுமார் 40 ஆண்டு வாழ்ந்தார். 2013-இல் மனைவி மருத்துவமனையில் சாகக் கிடந்தபோதுதான், கடைசி நாட்களில், வாய் திறந்தார். மனைவி கோபப்படவில்லை. தான் போன பிறகும் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

2018-இல், மியாகியின் தலைநகரான செண்டாயில் ஒரு பெண் அரசின் மேல் வழக்குப் போட்ட செய்தி வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. தன் அக்காவிடம் கேட்டார். அக்காவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாதே என்று பாட்டி சொல்லியிருந்ததால் சொல்லவில்லை. செய்தது பெற்றோர் இல்லை, அரசு என்று அவர் தெரிந்துகொண்டபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. யார் மேல் வழக்குப் போட வேண்டும் என்பதே தெரியாத ஒருவரிடம்தான், 1977-க்குள் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள்.

மேலே சொன்ன செண்டாய் வழக்குதான் முதல் வழக்கு. 2018 ஜனவரியில் தாக்கலானது. வழக்குப் போட்டவர் 1972-இல் 15 வயதில் ஆபரேஷன் ஆன அந்தப் பெண். உண்மையில் அவர் சார்பில் ஓடியாடியவர் அவருடைய அண்ணி. மாகாண நிர்வாகத்திடம் விண்ணப்பித்துப் பழைய பதிவேட்டை வாங்கினார்கள். அதில் 'பரம்பரை' மனவளர்ச்சிக் குறைபாடு என்று எழுதியிருந்தது. குடும்பத்தில் வேறு யாருக்கும் அப்படி ஒன்றும் இல்லை. குழந்தையாக இருந்தபோது அண்ணப் பிளவுக்கு நடந்த அறுவை சிகிச்சையில் கொடுத்த மயக்க மருந்தால் வந்த பாதிப்பு என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டால் போதும், சட்டத்தின் கதவு திறந்துவிடும், யாரோ எழுதியிருக்கிறார்கள்.

அந்தத் தாள் கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அதே மியாகியில் இன்னொரு பெண் 1997-இலிருந்தே அரசிடம் கேட்டுக்கொண்டிருந்தார். 16 வயதில் தனக்கு நடந்தது என்று சொன்னார். அவருடைய ஆண்டுக்கான பதிவேடு இல்லை என்று பதில் வந்தது. இருபது ஆண்டு அந்தப் பதிலோடுதான் நின்றார். முதல் வழக்கு வந்த பிறகு, தழும்பையும் வாழ்ந்த இடத்தையும் மற்ற சான்றுகளையும் வைத்து மாகாண அரசு அவரை ஏற்றுக்கொண்டது. 25,000 பேரில் பெயரோடு பதிவு மிஞ்சியிருப்பது சுமார் 3,000 பேருக்குத்தான். காகிதத்தை வைத்திருந்ததும் அழித்ததும் ஒரே தரப்பு, அத்தாட்சி எங்கே என்று கேட்டதும் அதே தரப்பு.

சட்ட விஷயத்துக்கு வருவோம். இந்த வழக்குகளின் முடிச்சு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

காலவரம்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எதிராளி எழுந்து 'காலம் கடந்துவிட்டது' என்று சொன்னால் மட்டும் செயல்படும் வகை. அவர் அப்படிச் சொல்வது அநியாயமாக இருந்தால், சொல்லக் கூடாது என்று நீதிமன்றம் தடுக்கலாம். இன்னொன்று, தானாகவே விழும் வகை. 20 ஆண்டு முடிந்த நொடியில் உரிமையே இல்லாமல் போகிறது. யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை, நியாயம் அநியாயம் பேசவும் இடமில்லை. ஜப்பானின் 20 ஆண்டு விதி இந்த இரண்டாவது வகை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து இது இரும்புக் கதவு.

அந்தக் கதவை இரண்டே முறைதான் கொஞ்சம் திறந்தார்கள். ஒன்று 1998-இல், தடுப்பூசியால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில். இரண்டாவது 2009-இல். ஒரு கொலைகாரன் பிணத்தைத் தன் வீட்டுத் தரைக்கடியில் புதைத்து 26 ஆண்டு மறைத்துவிட்டு, குற்றவியல் வழக்குக்கான காலம் முடிந்த பிறகு வந்து ஒப்புக்கொண்டான். கொலை நடந்ததே தெரியாத குடும்பம் எப்படி 20 ஆண்டுக்குள் வழக்குப் போட்டிருக்கும்? மறைத்தவனே அந்த மறைப்பின் பலனை அனுபவிப்பது நீதிக்கு முரண் என்று நீதிமன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு 1953 சுற்றறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஏமாற்றிச் செய்யலாம் என்று எழுதிக்கொடுத்த அரசுக்கும் தரைக்கடியில் புதைத்தவனுக்கும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அரசு என்ன சொன்னது? அரசிடம் நஷ்டஈடு கேட்க வழிசெய்யும் சட்டம் 1947-லேயே இருந்தது, ஆகவே யார் வேண்டுமானாலும் வழக்குப் போட்டிருக்கலாம் என்றது. காகிதத்தில் பார்த்தால் சரிதான். ஆனால் 'துரதிர்ஷ்டக் குழந்தைகள் பிறக்காதிருக்க' என்று ஹியோகோ மாகாணமே 1966 முதல் இயக்கம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. வழக்குத் தொடுத்தவர்களில் அந்த மாகாணத்தைச் சேர்ந்த செவித்திறன் இல்லாத தம்பதியரும் உண்டு. சைகை மொழியில் யாரும் அவர்களிடம் எதையும் விளக்கவில்லை. என்ன ஆபரேஷன் என்றே தெரியாதவர், எந்தச் சட்டத்தின்கீழ் என்று தெரியாதவர், தெரிந்தாலும் வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று குடும்பமே வாயை மூடிவைத்தவர். இவர்கள்தான் 'வழக்குப் போட்டிருக்கலாமே' என்ற வாதத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

2019 மே 28-இல் செண்டாய் மாவட்ட நீதிமன்றம் முதல் தீர்ப்பைக் கொடுத்தது. சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம். ஆனால் 20 ஆண்டு முடிந்துவிட்டது, வழக்குத் தள்ளுபடி. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையை ஒரு ஜப்பானிய நீதிமன்றம் வெளிப்படையாக ஏற்றது அதுவே முதல் முறை. ஏற்றுக்கொண்ட கையோடு வெறுங்கையாக அனுப்பியும் வைத்தது. ஒசாகா, சப்போரோ, கோபே என்று அடுத்து வந்த மாவட்ட நீதிமன்றங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுபடி செய்தன.

முதல் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு நாடாளுமன்றம் ஒரு நிவாரணச் சட்டம் போட்டது. உயிரோடு இருப்பவர்களுக்குத் தலைக்கு 32 லட்சம் யென். அந்தச் சட்டத்தின் முன்னுரையில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். மன்னிப்புக் கேட்பது யார் என்றால் 'நாங்கள்'. 'அரசு' இல்லை. நாங்கள் என்றால் யார்? எல்லோரும்தான், அதனால் யாருமில்லை. இழப்பீடு என்ற வார்த்தையும் கிடையாது, ஒரு முறைத் தொகை அவ்வளவுதான். பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடிதம் போட்டுத் தெரிவிக்கவும் இல்லை. வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அந்தரங்கம் கெடும் என்று காரணம் சொன்னார்கள். டொத்தோரி போன்ற சில மாகாணங்கள் மட்டும் தாமாகவே ஆட்களைத் தேடிப்போய்ச் சொன்னன. ஐந்து ஆண்டில் அந்தத் தொகை கிடைத்தவர்கள் சுமார் 1,100 பேர். 25,000 எங்கே, 1,100 எங்கே.

திருப்பம் 2022-இல் வந்தது. பிப்ரவரி 22-இல் ஒசாகா உயர் நீதிமன்றம், மூன்று பேருக்கு மொத்தம் 2.75 கோடி யென் தரச் சொன்னது. அரசு பணம் தர வேண்டும் என்று வந்த முதல் தீர்ப்பு. மூன்று வாரத்துக்குள், மார்ச் 11-இல், டோக்கியோ உயர் நீதிமன்றம் நமது 14 வயதுப் பையனுக்கு, அதாவது அப்போது எழுபதுகளின் இறுதியில் இருந்த மனிதருக்கு, 1.5 கோடி யென் என்றது. இரண்டு நீதிமன்றமும் இரும்புக் கதவை உடைக்கவில்லை, ஆளுக்கொரு பக்கமாக நெம்பித் திறந்தன. வழக்குப் போட முடியாத நிலை நீங்கிய பிறகு ஆறு மாதம் என்றது ஒசாகா. 2019 நிவாரணச் சட்டத்திலிருந்து ஐந்து ஆண்டு என்றது டோக்கியோ. இப்படி ஆளுக்கொரு கடிகாரம் வைத்தால் ஒரே தீங்குக்கு ஒருவர் ஜெயிப்பார், இன்னொருவர் தோற்பார். அப்படித்தான் ஆனது. எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்த அந்தச் செண்டாய்ப் பெண் 2023-இல் உயர் நீதிமன்றத்திலும் தோற்றார்.

2024 ஜூலை 3. உச்ச நீதிமன்றத்தின் 15 நீதிபதிகளும் சேர்ந்து அமரும் பேரமர்வு, தன்னிடம் வந்திருந்த ஐந்து வழக்குகளுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னது. போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஒரு சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது அது 13-ஆவது முறை. இந்தச் சட்டம் இயற்றப்பட்ட அன்றிலிருந்தே செல்லாது என்றார்கள். தனிமனித மதிப்பைச் சொல்லும் 13-ஆவது பிரிவுக்கும் சமத்துவத்தைச் சொல்லும் 14-ஆவது பிரிவுக்கும் விரோதம். 'சம்மதத்தோடு' நடந்ததாகக் கணக்கில் உள்ள ஆபரேஷன்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. நீ தாழ்ந்த சந்ததி பெறுவாய் என்று சொல்லும் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒருவரிடம் சம்மதம் கேட்பதே வற்புறுத்தல்தான் என்று பார்த்தார்கள்.

அப்புறம் கடிகாரம். நெம்புகோல் வேலையெல்லாம் வேண்டாம் என்று முடிவெடுத்து, 1989 தீர்ப்பையே மாற்றினார்கள். 48 ஆண்டு ஒரு சட்டத்தை நடத்தி, பிறகும் அப்போது அது சட்டப்படி சரியே என்று சொல்லி இழப்பீட்டை மறுத்த அரசு, 20 ஆண்டு முடிந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க அனுமதிப்பது நீதிக்கும் நேர்மைக்கும் முற்றிலும் மாறானது. அப்படி வாதாடுவதே உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவது. நான்கு வழக்குகளில் அரசு தோற்றது உறுதியானது. செண்டாய் வழக்கை, தொகையை முடிவு செய்ய உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். நாடு முழுக்க வழக்குப் போட்டிருந்தவர்கள் 39 பேர். தீர்ப்பு வந்த நாளில் அவர்களில் ஆறு பேர் உயிரோடு இல்லை.

இரண்டு வாரம் கழித்து, ஜூலை 17-இல், பிரதமர் கிஷிதா பாதிக்கப்பட்டவர்களை நேரில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். நடந்துகொண்டிருக்கும் வழக்குகளில் காலவரம்பைப் பற்றி அரசு இனிப் பேசாது என்றார்.

கருத்தடை வழக்குகளில் காலத்தோடு மல்லுக்கட்டுவது ஜப்பானில் மட்டும் நடப்பதில்லை. பெருவில் ஃபுஜிமோரி ஆட்சிக் காலத்தில், 1990களின் பிற்பகுதியில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடை செய்தார்கள். பெரும்பாலும் ஏழைகள், மலைப்பகுதிப் பழங்குடிகள். முறையான சம்மதம் இல்லாமல் நடந்தது என்று ஆயிரக்கணக்கானவர்கள் இன்றும் போராடுகிறார்கள். டோக்கியோவில் தீர்ப்பு வந்த மறு மாதமே, 2002 ஜூலைக்கு முன்பு நடந்த மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் காலவரம்பு பொருந்தும் என்று பெரு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு நாட்டில் கதவைப் பெயர்த்தெடுத்தார்கள், இன்னொரு நாட்டில் புதிதாக மாட்டினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு, பெருவின் கருத்தடைத் திட்டம் பெண்களின் உரிமைகளை மீறியது என்று முடிவு சொன்னது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் 1998-இல் இன்னும் நேரடியாகவே முயன்றது. சாசன உரிமைகளை ஓரங்கட்டும் சிறப்புப் பிரிவைப் பயன்படுத்தி இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைக்க மசோதா கொண்டுவந்தார்கள். எழுந்த கூச்சலில் மறுநாளே திரும்பப் பெற்றார்கள். செக் குடியரசு 2021-இல் சட்டம் போட்டு, முறையற்ற கருத்தடைக்கு உள்ளான பெண்களுக்கு, முக்கியமாக ரோமா என்ற சிறுபான்மை இனப் பெண்களுக்கு, மூன்று லட்சம் கொருனா தர முன்வந்தது. அங்கே சிக்கல் காகிதம். மருத்துவமனைகள் பழைய கோப்புகளை அழித்துவிட்டதால் பல விண்ணப்பங்கள் ஆதாரமில்லை என்று திரும்பின. மியாகிக் கதையேதான், மொழி மட்டும் வேறு.

சம்மதக் காகிதம் இருந்தாலும் அது எப்படி வாங்கியது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்லோவாக்கியாவில் 2000-இல் ஒரு ரோமா பெண்ணிடம் பிரசவ வலியின் நடுவே கையெழுத்து வாங்கினார்கள். நோயாளியே கருத்தடை கேட்கிறார் என்று அந்தத் தாள் சொன்னது. கருத்தடை என்ற சொல்லுக்கு அர்த்தமே தெரியாது என்றார் அவர். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011-இல் அவர் பக்கம் நின்று 31,000 யூரோ வழங்கச் சொன்னது.

ஜப்பானில் 2024 அக்டோபர் 8-இல் புதிய இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. கருத்தடை செய்யப்பட்டவருக்கு 1.5 கோடி யென், அவருடைய துணைவருக்கு 50 லட்சம், கருக்கலைப்புக்கு ஆளானவருக்கு 20 லட்சம். கருத்தடை செய்யப்பட்டவரோ துணைவரோ இறந்திருந்தால் வாரிசுகள் கேட்கலாம். பதிவேடு இல்லாவிட்டாலும் தழும்பு, வாக்குமூலம், மருத்துவர் கருத்து இவற்றை வைத்து ஒரு குழு முடிவு செய்யும். பழைய 32 லட்சத்தோடு ஒப்பிட்டால் தூரம் அதிகம்தான். தொகையை விட எனக்கு முக்கியமாகப் படுவது துணைவருக்கான அந்த 50 லட்சம். பிள்ளை இல்லாத வீட்டில் காரணம் தெரியாமல் அழுதவர்களையும் சட்டம் முதல்முறையாகக் கணக்கில் எடுத்திருக்கிறது.

சட்டம் 2025 ஜனவரி 17-இல் அமலுக்கு வந்தது. பெயர் பதிவில் இல்லாதவர்கள், தனக்கு நடந்தது என்ன ஆபரேஷன் என்று இன்றுவரை அறியாதவர்கள், முதியோர் இல்லங்களிலும் மனநலக் காப்பகங்களிலும் இருப்பவர்கள் எல்லோரும் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கடைசி நாள் 2030 ஜனவரி 16.